தம்பி கடையும் டெல்லி சந்தையும்

கேள்வி: என் தம்பி இங்கே கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். மத்திய அரசின் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் ஆபீஸ் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் வேலை கேட்டால் டெல்லி இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கிறார்களே, நியாயமா?
– ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: கூப்பிடு தூரம் என்பதுதான் சிக்கலே! கூப்பிட்டவருக்கெல்லாம் ஆர்டர் கொடுத்தால் தணிக்கைக்காரர் சும்மா விடுவாரா? மத்திய அரசுக்கு 'ரேட் கான்ட்ராக்ட்' (முன்கூட்டியே பேசிய விலை ஒப்பந்தம்) போட்டுக்கொடுத்த டி.ஜி.எஸ்.டி. என்ற கொள்முதல் துறை 2017-இல் மூடப்பட்டது. 2016-இல் வந்த 'ஜெம்' மின்சந்தைதான் இப்போது ஊர்ச்சந்தை. பேனா முதல் கணினிப் பராமரிப்பு வரை அங்கேதான்.

பழுப்பு நிலக்கரிக்கு முன் மேல்மண்ணை அள்ளுவதுபோல, வேலைக்கு முன் காகிதத்தை அள்ள வேண்டும்: ஆண்டு வரவுசெலவு, முன் அனுபவச் சான்று, ஜி.எஸ்.டி. பிறகு 'ரிவர்ஸ் ஆக்‌ஷன்'. அதாவது தலைகீழ் ஏலம்: திரையில் விலை இறங்க இறங்க இதயம் எகிறும். அடிமட்ட விலைக்கு எடுத்துவிட்டு, பிரிண்டர் மக்கர் செய்தால் போனை எடுக்காதவர்களும் உண்டு. மலிவு விலைக்கே மாலை என்பது இந்த முறையின் பெரிய ஓட்டை.

ஆனால் தம்பிக்கும் ஒரு சலுகை உண்டு. சிறுதொழில் என்றால் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். அவர் விலை மிகக்குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்து, அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வரவும் சம்மதித்தால் வேலையில் பங்கு கேட்கலாம். முதலில் 'உத்யம்' என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்!