எத்தனை மெஷினுங்க ஓடுது?

திருப்பூர் வீரபாண்டி பிரிவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மெஷினுங்க ஓடுது?" ஆறு என்பேன். "ஓவர்லாக்குங்களா, பிளாட்லாக்குங்களா?" என்பார்கள். கம்ப்யூட்டருங்க என்று மறுபடியும் சொன்னால், "அது சரிங்க, தையல் எங்க போடறீங்க?" பல்லடம் ரோட்டில் இது நியாயமான சந்தேகம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், பவர்டேபிள் என்று ஊரே ஒரே துணியைக் கைமாற்றிக்கொண்டிருக்கும்போது, ஆறு பேர் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒன்றையும் தைக்காமல் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

நாங்கள் செய்வது பனியன் கம்பெனிகளுக்கான கணக்கு ப்ரோக்ராம். கிலோவாக உள்ளே வரும் நூல் பீஸாக வெளியே போகும். நடுவில் எங்கே எவ்வளவு காணாமல் போனது என்று முதலாளி கேட்டால் ப்ரோக்ராம் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு வழக்கம். டையிங் போன துணி எடை குறைந்து திரும்பினால் ஒருவருக்கு டெலிவரி சலானிலேயே சிவப்பாகத் தெரிய வேண்டும்; இன்னொருவருக்குத் தெரியவே கூடாது, பார்ட்டி மச்சான் முறை. இப்படி ஒரே ப்ரோக்ராம் பல உருவமாகிவிடும். எதை, யார், எப்போது, யாருக்காக மாற்றினார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளத்தான் சப்வெர்ஷன். 2004 பிப்ரவரியில் அதன் 1.0 வந்தது. வெர்ஷன்களைக் கட்டி மேய்ப்பதற்கென்றே பிறந்தது. அதன் சொந்த வெர்ஷனை யார் மேய்ப்பது என்பதுதான் எங்கள் ஆபீசின் பல வருடக் கதை.

சர்வரைக் குறை சொல்ல மாட்டேன். அது பரம சாது. 1 என்று ஆரம்பிக்கும் எந்தக் கிளையன்ட்டும் 1 என்று ஆரம்பிக்கும் எந்த சர்வரோடும் பேசும். சப்வெர்ஷன்காரர்கள் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். சண்டை நடப்பது ஒரே மெஷினுக்குள், ஒரே ஃபோல்டருக்காக. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் டார்ட்டாய்ஸ் என்ற கிளையன்ட் உட்கார்ந்து ஃபைல்களுக்குப் பச்சை டிக்கும் சிவப்பு ஆச்சரியக்குறியும் குத்திக்கொண்டிருக்கும். விஷுவல் ஸ்டுடியோவுக்குள் ஆங்க்எஸ்விஎன் என்று இன்னொன்று இருக்கும். இரண்டும் ஒரே ஃபோல்டரைத்தான் பார்க்கின்றன. ஆனால் தன் வயிற்றுக்குள் ஆளுக்கொரு சப்வெர்ஷன் வைத்திருக்கின்றன, இது ஒரு வெர்ஷன், அது ஒரு வெர்ஷன்.

புதிதாக ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். 'புது வெர்ஷன் வந்திருக்கிறது' என்று டார்ட்டாய்ஸ் அவ்வப்போது எட்டிப் பார்த்துச் சொல்லும். பழைய ஆட்கள் கடன்காரனைக் கண்டவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வோம். தம்பி மரியாதைக்காரர் அல்லவா, சரி என்று அழுத்திவிட்டார். 1.5 போய் 1.6 வந்தது. அந்தக் காலத்துச் சப்வெர்ஷனுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுக் கிளையன்ட் ஃபோல்டரில் கை வைத்ததும், கேட்காமல் கொள்ளாமல் அதைப் புது அமைப்புக்கு மாற்றிவிடும். எக்ஸ்ப்ளோரரில் எல்லாம் பச்சைப் பசேல். விஷுவல் ஸ்டுடியோவைத் திறந்தால், இந்த ஃபோல்டரைக் கையாளும் வயதை இந்தக் கிளையன்ட் தாண்டிவிட்டது என்ற பொருளில் ஒரு செய்தி. "நான் ஒண்ணுமே பண்ணலீங்க சார்" என்றார் தம்பி. அது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு அப்டேட் மட்டும் கொடுத்தார். மிச்சத்தை அது பண்ணிக்கொண்டது.

இதற்குப் பரிகாரம் இருந்தது. 1.5 காலத்திலேயே சப்வெர்ஷன்காரர்கள் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் கொடுத்திருந்தார்கள். ஃபோல்டரைப் பழைய அமைப்புக்கு இறக்கிவிடும். ஓட்டினோம், இறங்கியது. ஆனால் தம்பியின் டார்ட்டாய்ஸ் இன்னும் 1.6தானே? அடுத்த அப்டேட்டில் மறுபடி ஏற்றிவிட்டது. முதலில் கிளையன்ட்டை இறக்கிவிட்டுத்தான் ஃபோல்டரை இறக்க வேண்டும் என்று புரியும்போது மணி ஆறாகி, பக்கத்து கம்பெனியில் அரை ஷிப்டுக்கு டீ வந்துவிட்டது.

பென் டிரைவ் கதை தனி. பார்ட்டி கம்பெனிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து திருத்தித் தர வேண்டியிருக்கும். முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போவோம். 1.6 வரை ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் டாட் எஸ்விஎன் என்று ஒரு மறைவு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பிரதி. ஆயிரம் ஃபைல் என்று நினைத்துக் காப்பி கொடுத்தால் இரண்டாயிரத்துக்கு மேல் ஓடும், எல்லாம் பொடிப்பொடியாக. அது முடிவதற்குள் கரண்ட் போகும். 2011, 12 காலத்து மின்வெட்டைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பார்ட்டி மெஷினில் யாரோ எப்போதோ போட்ட டார்ட்டாய்ஸ் ஒன்று சும்மா கிடக்கும். நம் ஃபோல்டரைக் கண்டதும் அதற்குக் கை பரபரக்கும். வீரபாண்டியிலிருந்து 1.5 ஆகப் போனது அவிநாசி ரோட்டிலிருந்து 1.6 ஆகத் திரும்பும்.

எந்த ஃபோல்டர் எந்த வெர்ஷன் என்று கண்டுபிடிக்க எங்கள் சீனியர் ஒருவர் வழி வைத்திருந்தார். டாட் எஸ்விஎன்னுக்குள் என்ட்ரீஸ் என்ற ஃபைலை நோட்பேடில் திறப்பார். முதல் வரியில் ஒரே ஒரு எண். 8 என்றால் 1.4, 9 என்றால் 1.5, 10 என்றால் 1.6. நாடி பிடித்த வைத்தியர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு மூடிவிடுவார். 1.7 வந்ததும் அவர் வித்தை பொய்த்தது. முதல் வரியில் 12 இருந்தது. உண்மையான எண் அது இல்லை. ஒற்றை டேட்டாபேஸ் ஃபைலுக்குள் 29 என்று பதுங்கியிருந்தது. பழைய கிளையன்ட் வந்து எட்டிப் பார்த்தால் 'இது நமக்கு மேற்பட்ட இடம்' என்று தெரிந்து ஒதுங்கிப் போவதற்காக வாசலில் மாட்டிய போர்டுதான் அந்த 12. இந்த ஒரு காரியத்துக்காகவே அதை எழுதியவர்களுக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். 1.7 இன்னொரு நல்லதும் செய்தது: கேட்காமல் ஏற்றும் பழக்கத்தை விட்டது. 'அப்கிரேட்' என்று நாமே சொன்னால்தான் ஏறும். ஏறினால் இறங்காது, பழைய பைத்தான் ஸ்கிரிப்டும் கைவிரித்துவிட்டது. புதிதாக செக்அவுட் எடுக்க வேண்டியதுதான்.

யோசித்தால் ஊரும் இதே கணக்கில்தான் ஏறியிருக்கிறது. 2008இல் திருப்பூர் மாநகராட்சி ஆனது. அந்த ஜூனில் 1.5. 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டம்; மார்ச்சில் 1.6. 2011இல் வீரபாண்டி ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அக்டோபர் 11 அன்று 1.7. ஒருவரும் எங்களைக் கேட்டு அப்கிரேட் கொடுக்கவில்லை. காலையில் எழுந்தால் வேறு மாவட்டம், வேறு வரி. ஆனால் தபால்காரரைப் பாருங்கள். பின்கோடு இன்னும் 641இல்தான் ஆரம்பிக்கிறது, கோயமுத்தூரோடு பங்காளி. 'கோவை மாவட்டம், வீரபாண்டி ஊராட்சி' என்று எழுதிய கவரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். 'உங்கள் முகவரி மிகவும் பழையது' என்று எந்தக் கவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

எங்கள் ஆபீசில் சட்டம் போட்டோம். சரஸ்வதி படத்துக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினோம்: 'யாரும் தனியாக அப்டேட் கொடுக்கக் கூடாது.' ஏற்றுவதாக இருந்தால் எல்லா மெஷினையும் ஒரே நாளில், ஆயுத பூஜைக்கு. அன்றைக்கு எப்படியும் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம், வேலையும் ஓடாது. ஆனால் சப்வெர்ஷன்காரர்களிடம் பஞ்சாங்கம் இல்லை. 2011 ஆயுத பூஜை அக்டோபர் 5. ஆறே நாள் தள்ளி 1.7 வந்தது. தம்பி தவித்தார். நான் அடுத்த வருடம் பூஜைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வந்த சூட்டில் ஒரு மென்பொருளை ஏற்றுவதும், வாஷிங் கொடுக்காத துணியில் அளவு எடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்துக்கு உண்மையான அதிகாரி நான் இல்லை, மூலையில் இருந்த எக்ஸ்பி மெஷின். எல்லோரும் அதை மாற்றச் சொன்னார்கள். பார்ட்டிகளின் பேக்கிங் செக்‌ஷனில் எக்ஸ்பியும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் ஓடிக்கொண்டிருந்தவரை, சலான் கோடு தப்பாமல் அடிக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு வேறு வழியில்லை. 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட்டே அதைக் கைகழுவியது. பேக்கிங் செக்‌ஷன் கழுவவில்லை. ஆறு மெஷினில் கடைசி மெஷினால் எது முடியுமோ அதுதான் ஆறுக்கும் வெர்ஷன். புதிது நல்லதா, பழையது நல்லதா என்று தம்பிகள் விவாதிப்பார்கள். எண் ஒன்றாக இருந்தால் போதும் என்பது என் கட்சி. 2013 ஜூனில் வந்த 1.8 எங்களுக்கு விமோசனம். அதில் ஃபோல்டர் எண் 31. அதன்பிறகு 2020இல் வந்த 1.14 வரை அந்த 31ஐத் தொடவில்லை. சட்டம் எழுதிய தாள் சுவரில் மஞ்சளாகிப் போனது, யாரும் கிழிக்கவில்லை.

பிறகு தம்பிகளின் வற்புறுத்தலில் சப்வெர்ஷனுக்குப் பதிலாகக் கிட் வந்தது. கிட்டில் ஃபோல்டர் சண்டை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அதன் வம்பு வெளியிலிருந்து வரும். 2018 பிப்ரவரியில் கிட்ஹப் பழைய குறியாக்க முறைகளை நிறுத்தியது. பழைய கிளையன்ட் வாசலிலேயே நின்றது. 2021 ஆகஸ்ட் 13 முதல் பாஸ்வேர்டு செல்லாது, டோக்கன் வேண்டும் என்றார்கள். 2022 ஏப்ரலில் இன்னொன்று சேர்ந்தது. பலர் புழங்கும் மெஷினில் வேறொருவர் வைத்த ஃபோல்டர் வழியாக அவர் கட்டளை நம் கையால் ஓடிவிடக் கூடாதென்று, ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று கிட் பார்க்க ஆரம்பித்தது. பெயர் ஒத்துவரவில்லை என்றால் நின்றுவிடும். இதை நம்பலாம் என்று நாம் எழுதிக் கொடுத்தால்தான் நகரும்.

ஒரு பார்ட்டி கம்பெனியில் அது நின்றது. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கம்பெனி. தம்பியின் லாகினில் வைத்த ஃபோல்டர். நான் உட்கார்ந்தது அண்ணனின் லாகினில். திரையில் வந்த ஆங்கில வரியை அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

"என்னங்க சொல்லுது?"

"ஓனர் யாருன்னு சந்தேகமா இருக்குதாமுங்க. இந்தக் கிட் புது வெர்ஷனுங்க, அதனாலதான்."

கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது எப்படிங்க இதுக்குத் தெரிஞ்சுது? நாங்க இன்னும் ஆடிட்டர்கிட்டக்கூடச் சொல்லலீங்களே!"