ரெண்டு நிமிஷ ஊசி

தை அறுவடை முடிந்து களத்துமேட்டில் வைக்கோல் போர் ஏறுகிற நாளாகப் பார்த்துத்தான் கீரப்பாளையத்துப் பெரியம்மாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கும். குனிந்து கட்டைத் தூக்கி நிமிர்ந்தாள் என்றால் போதும், நாடி நிமிடத்துக்கு 180, 190 என்று ஓடும். வீட்டுக்காரர் முதலில் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அவள் முகத்தை முக்கி எடுப்பார். அதற்கும் அடங்காவிட்டால் டவுன் பஸ்ஸில் ஏற்றிச் சிதம்பரத்துக்கு அழைத்து வருவார். குளிர்ந்த நீர் முகத்தில் பட்டால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயம் நிதானப்படும் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனாலும் அந்தப் பாடத்தையும் மாட்டுத் தொட்டியையும் சேர்த்துப் பார்க்கிற கண் எனக்கு அப்போது வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தையோ சித்தியோ இருந்திருப்பார். படபடப்பு வந்ததும் திண்ணையில் சாய்ந்து, ‘கொஞ்சம் இரு, நின்னுடும்’ என்று கையமர்த்தியிருப்பார்.

1990களின் தொடக்கம் அது. 1985இல் சிதம்பரத்தில் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் நான் பயிற்சி மருத்துவன். இன்று அது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. ரப்பர் குமிழ்களை மார்பில் ஒட்டவைத்து இசிஜி எடுப்போம். நாடாபோல நீளும் காகிதத்தில் இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி, 300ஐ அதால் வகுப்போம். ஒன்றரைக் கட்டம் என்றால் 200. அலை குறுகலாக, ஒரே சீராக இருந்தால் வெராபமில் ஊசி. அகலமாக இருந்தால் அந்த ஆம்பியூல் பக்கம் கையே போகக்கூடாது என்று ஆசிரியர்கள் படித்துப் படித்துச் சொல்வார்கள். துடிப்பு இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்புவதாக இருந்தால் வெராபமில் ரத்த அழுத்தத்தைச் சரித்து ஆளையே கொண்டுபோய்விடும். அதற்கு லிக்னோகைன் வேறு தட்டில் இருக்கும்.

வெராபமில் 5 மில்லிகிராமை இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். சிறு அரத்தால் ஆம்பியூலின் கழுத்தை அறுத்து, மருந்தை உறிஞ்சி, வலது கையால் ஊசியைத் தள்ளிக்கொண்டே இடது கை விரல்களை அவள் மணிக்கட்டில் வைத்து, கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்திருப்பேன். அவசரப்பட முடியாத மருந்து அது. அதனாலேயே பேச்சுக்கு இடம் இருந்தது. வீராணம் ஏரி 47.5 அடிக்கு நிறைந்துவிட்டதா, வாய்க்காலில் முறைத் தண்ணீர் எப்போது வரும், நாற்றை எத்தனை நாளில் பிடுங்கினால் தூர் கட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே வர, பாதிப் பேச்சில் என் விரலுக்கடியில் ஒரு சின்ன வெற்றிடம் விழும். பிறகு நாடி பொறுமையாக நடக்கும், எண்பது. ‘நின்னுடுச்சுய்யா’ என்பாள், இசிஜி காகிதம் சொல்வதற்கு முன்பே. ‘ரெண்டு நிமிஷ ஊசி’ என்று அவள்தான் அதற்குப் பெயர் வைத்தாள்.

பிறகு அடினோஸின் வந்தது. இதயத்தை அது நிதானப்படுத்தும் என்பதைக் கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் செண்ட்-ஜியார்ஜியும் 1929இலேயே கண்டு எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1989இல். ரத்தத்தில் அதன் பாதி ஆயுள் பத்து விநாடிகூட இல்லை. முழங்கை மடிப்புச் சிரையில் 6 மில்லிகிராமை ஒரே தள்ளாகத் தள்ளி, பின்னாலேயே 20 மில்லி உப்புநீரைச் செலுத்தி, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். திரையில் கோடு சில விநாடி நேராகக் கிடக்கும். அந்தச் சில விநாடி அறையில் யாரும் மூச்சு விடுவதில்லை. முதல் தடவை போட்டுக்கொண்டு எழுந்த பெரியம்மா, ‘எமன் வாசல எட்டிப் பாத்துட்டு வந்துட்டேன்’ என்றாள். ஊசி போடும்போது பேசிய பேச்சை அன்றிலிருந்து ஊசிக்கு முன்பே பேசப் பழகினேன்: நெஞ்சை அமுக்கும், முகம் சூடாகும், பயப்படாதே, பத்து எண்ணு, போய்விடும். அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தாயா என்று. டீயும் காபியும் அடினோஸினின் வேலையைக் கெடுக்கும், மூச்சிரைப்புக்காரர்கள் விழுங்கும் டெரிஃபிலினும் அப்படித்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்றும் வெராபமில்தான் உகந்தது. அந்த ஆம்பியூலை எடுக்கும்போது பழைய பஸ்ஸில் ஏறின மாதிரி மனசுக்கு இருக்கிறது.

அமியோடரோன் இன்னொரு வகை. 1961இல் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்கு என்று பிறந்தது; ஃபிஜியில் பிறந்த பிரமா சிங் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆராய்ச்சி 1970இல் வெளியான பிறகே, தாளம் தப்பிய இதயத்துக்கான மருந்தாக அதைப் பார்த்தார்கள். குளுக்கோஸ் நீரில் கலந்து 150 மில்லிகிராமைப் பத்து நிமிடத்தில் ஏற்றுகிறோம். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் பம்பு பார்த்துக்கொள்கிறது. நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறேன்.

2015இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்து 15 விநாடி முக்கி ஊதச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால், நூற்றுக்கு 43 பேருக்கு மருந்தே இல்லாமல் துடிப்பு சரியாகிறது. வெறுமனே முக்கி ஊதும் பழைய முறையில் அது 17 பேருக்குத்தான். படித்த அன்று எனக்கு மாட்டுத் தொட்டி ஞாபகம் வந்தது.

பெரியம்மாவைச் சென்னைக்கு அனுப்பினேன். தொடை வழியே கம்பிக்குழாயைச் செலுத்தி, மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடிய அந்தக் குறுக்குப் பாதையைச் சுட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. ஒவ்வொரு தையிலும் வாசலைப் பார்ப்பேன். நோயாளி வராததற்கு ஒரு மருத்துவன் வருந்தலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

போன அறுவடையின்போது கீரப்பாளையம் நிறுத்தத்தில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் கேட்பதற்குள் கையை நீட்டி, ‘பாருய்யா’ என்றாள். எழுபத்தாறு இருந்தது. விரலை எடுக்காமல் நின்றிருந்தேன். இந்த வருஷம் வீராணத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.