முதல்ல குனிஞ்சு பாருங்க, மருமகன்

மருமகன், கார் வாங்கினதை நான் குறை சொல்ல மாட்டன். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின அரசாங்கம், தனியார் காருக்கு 2025 பெப்ரவரியிலதான் கதவு திறந்தது. அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள இந்த நாட்டில கோழி அடைச்சு வைச்சிருந்த காருக்கெல்லாம் ‘விண்டேஜ்’ எண்டு பட்டம் கிடைச்சிட்டு. உங்கட 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனரும் அப்பிடிப் பட்டம் வாங்கின ஒண்டுதான். விலையை மகள் சொன்னா. கேட்டிட்டு ஒள்ளுப்பம் தண்ணி குடிச்சன்.

கலியாண வீட்டுக்கு வாடகைக்கு விட்டுப் போட்ட காசை எடுத்திடலாம் எண்டீங்களாம். எடுக்கலாம். பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறிப் போகக்குள்ள அடித்தட்டு கழண்டு றோட்டில விழாட்டி எடுக்கலாம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, படுவான்கரையில ட்ரக்டரோட மாரடிச்சவன். கார்க்காரங்களுக்குப் புத்தி சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனாலும் நேத்து நான் வரக்குள்ள நீங்க ரெண்டு நிறத் தாளைக் கையில வைச்சுக்கொண்டு பால் வெள்ளையா, பச்சையா எண்டு மகளிட்டக் கேட்டுக்கொண்டு நிண்டீங்க. டின் வாங்கியாச்சு. பெயின்ட் அடிக்கிற கன்னும் வாங்கியாச்சு. (அதைத் துவக்கு எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க. இந்த ஊரில அந்தச் சொல்லுக்கு இன்னும் ஆக்கள் திரும்பிப் பார்ப்பாங்க.) எல்லாம் சரி மருமகன், காருக்குக் கீழ படுத்துப் பார்த்தீங்களா? சாரம் அழுக்காகும் எண்டு விட்டிட்டீங்க போல.

மைனர் 1948இல இலண்டன் கார்க் கண்காட்சிக்கு வந்த வண்டி. அலெக் இஸிகோனிஸ் எண்ட பெரிய மூளைக்காரன் வரைஞ்சது. இங்கிலாந்தில செய்த கார்களில முதன்முதலா பத்து இலட்சத்தைத் தாண்டினதும் அதுதான். அந்த மூளைக்காரன் செய்த ஒரு வேலையை நீங்க தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். ட்ரக்டருக்கும் லொறிக்கும் இருக்கிற மாதிரி அதுக்குத் தனிச் சேசிஸ் இல்ல. உடம்புதான் சேசிஸ். அதால கதவுக்குக் கீழ நீளத்துக்குப் போற ‘சில்’ எண்ட தகடும் (வண்டிச் சில்லு இல்ல) தரைத்தகடும் இத்துப்போனா, போறது அழகு மட்டுமில்ல, காரின்ட முதுகெலும்பே போகுது. ஜக் வைக்கிற இடம், பின்பக்க ஸ்பிரிங் பூட்டுற இடம், முன்னுக்குக் குறுக்கால போற மெம்பர், இந்த மூண்டு இடத்தையும் ஒரு பழைய ஸ்குரூ ட்ரைவரால குத்திப் பாருங்க. ‘டங்’ எண்டு சத்தம் வந்தா சந்தோசம். சத்தமே வராம ஸ்குரூ ட்ரைவர் உள்ளுக்குப் போனா, அது வெல்டிங் பாஸுக்கு நல்ல சகுனம்.

மேல்ப்பக்கத்துக்கு வேற வைத்தியம் இருக்கு. பழைய ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தைக் கழட்டி, துணியில சுத்தி, மட்காட்டில மெல்ல வைச்சுக்கொண்டு போங்க. காந்தம் எங்க கைவிடுதோ, அங்க தகரம் இல்ல, ஓட்டையை மூடின பட்டிதான் இருக்கு. உங்களுக்கு வித்த மனிசன் ‘ஒரிஜினல் பொடி’ எண்டு ஏழு தரம் சொன்னவராம். ஒருதரம் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன்.

ஏன் இவ்வளவு கறள் எண்டு கேக்கிறீங்க. கல்லடியில குடியிருந்துகொண்டு கேக்கிற கேள்வியா இது? முன்னுக்குக் கடல், பின்னுக்கு வாவி. வடக்க முகத்துவாரம் வாயைத் திறந்தா, உப்பு உங்கட வீட்டுப் பின்பக்கத்தாலயும் வரும். இரும்பும் தண்ணியும் காத்தும் சேர்ந்தாலே கறள் பிடிக்கும். உப்பு அதில என்ன செய்யுது எண்டா, காத்தில கிடக்கிற ஈரத்தை இழுத்துத் தகரத்தில வைச்சிருக்குது. உப்புத் தண்ணியில மின்சாரம் லேசா ஓடுறதால தகரம் தின்னுற வேலையும் கெதியா நடக்குது. மறுகா, கறள் தான் பிறந்த இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இடம் காணாட்டி பெயின்ட்டைத் தூக்கும். வெளியில மிளகளவு கொப்பளம் தெரிஞ்சா, உள்ளுக்குச் சிரட்டையளவு போயிருக்கு எண்டு கணக்குப் பண்ணுங்க.

நம்பாட்டி கல்லடிப் பாலத்துக்குப் போங்க. 1924இல திறந்த இரும்புப் பாலம். ஆளுநர் மனிங்கின்ட மனிசியின்ட பேரால லேடி மனிங் பாலம். 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட பாலம். 2013இல பக்கத்தில புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் பஸ்சும் மாட்டு வண்டியும் அதாலதான் போய்வந்தது. பூரணை இரவில வாவிக்குள்ள மீன் பாடுதெண்டு கேக்கப் போற ஆக்கள் அந்த இரும்பில கையை வைச்சிட்டு, உள்ளங்கையில என்ன ஒட்டியிருக்கு எண்டு ஒருநாளும் பார்க்கிறதில்ல. பாரிஸில ஐஃபெல் கோபுரத்துக்கு ஏழு வருஷத்துக்கு ஒருக்கா மாதிரிப் பெயின்ட் அடிக்கிறானாம், ஒருமுறைக்கு 60 தொன். அங்க கடலும் கிட்ட இல்ல. நீங்க கல்லடியில ஒரு டின் வாங்கி வைச்சுக்கொண்டு ‘ஆயுசுக்கும் காணும்’ எண்டு சொல்றீங்க.

சரி, வேலைக்கு வருவம். முதல் வேலை கழுவுறது. கறளுக்குள்ள உப்பு புகுந்து கிடக்கும். கிரைண்டர் போட்டுத் தேய்ச்சா தகரம் வெள்ளி மாதிரி மினுங்கும், ஆனா பள்ளத்துக்குள்ள உப்பு அப்பிடியே இருக்கும். அதுக்கு மேல எந்த வெளிநாட்டுப் பெயின்ட் அடிச்சாலும் அடுத்த மாரிக்கு கொப்பளம்தான். அதால தேய்ச்சு, நல்ல தண்ணியால கழுவி, காயவைச்சு, திரும்பவும் தேய்ச்சுக் கழுவ வேணும். நல்ல தண்ணி எண்டது உங்கட வளவுக் கிணத்துத் தண்ணி இல்ல மருமகன். அந்தச் சவர்த் தண்ணியில தேத்தண்ணி வைச்சுத் தந்தே என்னைப் படுவான்கரைக்குத் துரத்தினவங்க நீங்க. உன்னிச்சைக் குளத்துத் தண்ணி குழாயில வருது தானே, அதைப் பாவியுங்க. கதவுக்குக் கீழ இருக்கிற அந்த ‘சில்’ தகட்டின்ட அடியில தண்ணி வடியிற துளைகள் இருக்கும். அறுபது வருஷத்துச் சேறு அதை அடைச்சிருக்கும். ஒரு கம்பியால குத்தி விடுங்க. சொன்னாச் சிரிப்பீங்க, இந்தப் பத்துச் சதத்து வேலை உங்கட டின்னை விடக் கூட நாளைக்குக் காரைக் காப்பாத்தும்.

துலைஞ்ச இடத்தை வெட்டிப் புதுத் தகடு ஒட்ட வேணும். வேற வழியில்ல. இதில எங்கட நாட்டுக்கு ஒரு பெருமையும் இருக்கு. இங்கிலாந்தில பாத் நகரத்தில மைனருக்கெண்டே கடை வைச்சிருந்த சார்ல்ஸ் வேர் எண்டவர், 1990களில அந்தக் காருக்கான தகடுகளை இலங்கையிலதான் செய்விச்சு எடுத்தவர். வெள்ளைக்காரன்ட காருக்கு வெள்ளைக்காரன் இஞ்ச வந்து தகடு அடிச்சிருக்கான். நீங்க ஓட்டையில பழைய வீரகேசரியைச் சுருட்டி அடைஞ்சு, மேல பட்டி பூசிச் சமாளிக்கலாமோ எண்டு யோசிக்கிறீங்க. மகள் சொன்னா.

தகரம் கெட்டியா இருக்கிற இடத்தில, வயர் பிரஷுக்கு மிஞ்சி ஒட்டிக்கிடக்கிற மெல்லிய கறளுக்கு ஒரு மருந்து விக்கிறாங்க. பூசினா கறள் கறுத்து இறுகிடும். சிலதில பொஸ்போரிக் அமிலம், சிலதில டானிக் அமிலம். அந்த டானிக் எண்டது புதுச் சாமான் இல்ல. முந்திக் கரையோர ஆக்கள் கண்டல் பட்டையை அவிச்சு வலைக்குச் சாயம் ஏத்தினாங்களே, அந்தப் பட்டைக்குள்ள இருக்கிற துவர்ப்பின்ட சொந்தம்தான். இதைக் கேட்டிட்டு வாவிக்கரைக் கண்டல்ல கத்தி வைக்கப் போயிடாதீங்க. கடையில வாங்குங்க. உதிருற கறளுக்கு மேல பூசினா அந்த மருந்தும் உதிரும், காசும் உதிரும்.

மீன் மணம் பிடிக்குமெண்டா இன்னொரு கதை சொல்றன். ரொபேட் ஃபெர்கஸன் எண்ட கப்பல் கப்டன் ஒருத்தர், மீனெண்ணெய் சிந்தின தட்டில கறள் நிக்கிறதைப் பார்த்து மலைச்சுப்போனார். அந்த எண்ணெய் காயவும் வேணும், நாறாமலும் இருக்க வேணும் எண்டு பாடுபட்டு, 1921இல ரஸ்ட்-ஓலியம் கொம்பனியைத் தொடங்கினார். எங்கட கரையில எத்தனை தலைமுறை மீனெண்ணெய் சிந்தியிருக்கும்! ஒருத்தனுக்கும் கொம்பனி தொடங்கத் தோணல்ல. நீங்களும் இப்ப நேரா மீனெண்ணெய் பூசத் தொடங்காதீங்க. கலியாண ஊர்வலத்தில காருக்குப் பின்னால காத்தான்குடிப் பூனையெல்லாம் வரும்.

பட்டி விசயத்தில ரெண்டு நாள் பொறுமை வேணும். பட்டி தண்ணியை உறிஞ்சும். அதை வாட்டர் பேப்பரால ஈரத்தில தேய்ச்சு, அண்டைக்கே பிரைமர் அடிக்கிற ஆக்கள் இருக்காங்க. உள்ளுக்கு நிண்ட தண்ணி கீழ போய்த் தகரத்தைத் தின்னும். அதால பட்டியை உலரத்தான் தேய்க்க வேணும். பழைய பெயின்ட்டை நேர்மாறா ஈரத்திலதான் தேய்க்க வேணும். அந்தக் காலத்துப் பெயின்ட்டில ஈயம் கிடக்கும். அந்தத் தூள் பறந்து பேரப்பிள்ளையின்ட வாய்க்குள்ள போனா, உங்கட காரை நானே வாவிக்குள்ள தள்ளுவன். இதில மட்டும் நான் பகிடி விடல்ல.

பிரைமர் எண்டு சிவப்பா ஒண்டைப் பூசிப்போட்டு மாதக்கணக்கா மழையில விடுறதும் எங்கட ஊர்ப் பழக்கம். சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ள விடும். வெறும் தகரத்துக்கு எப்பொக்ஸி பிரைமர் போடுங்க. ரெண்டு டின்னைக் கலந்து பூசுறது. விலை கூடத்தான். விலையைப் பற்றி நீங்க பேசக் கூடாது, கார் வாங்கின ஆள்.

இப்ப ஐப்பசி. தீபாவளிக்கு முன்னம் நிறம் அடிச்சு முடிக்கிற யோசனையாம். வாடை தொடங்கிற நேரத்தில பெயின்ட் அடிச்சா, காத்தில இருக்கிற ஈரம் படிஞ்சு பெயின்ட் வெள்ளையாப் பூத்து மங்கும். உங்களுக்கு வெள்ளைதான் விருப்பம் எண்டா அதுவும் ஒரு வழி. கச்சான் வீசுற நேரம் காத்து நல்லாக் காய்ஞ்சிருக்கும், ஆனா ஊர்ப் புழுதி முழுக்க பொனட்டில வந்து குந்தும். மாசியும் பங்குனியும்தான் தோது. காலமை பனி காய்ஞ்ச பிறகு, கடல் காத்து எழும்ப முன்னம், உள்ளதே கொஞ்ச நேரம்.

கடைசிப் பூச்சை வீட்டில அடிக்காதீங்க. ஹார்ட்னர் கலக்கிற பெயின்ட்டில ஐசோசயனேட் எண்டு ஒண்டு இருக்கு. அதின்ட புகை நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்துமா வரும், வந்தாப் போகாது. கொரோனாக் காலத்து மாஸ்க்கை அலுமாரியில இருந்து எடுத்து வைச்சிருக்கீங்களாம். வைரசே அதைப் பார்த்துச் சிரிச்சது. அதுக்கெண்டு அறையும், காத்துக் குழாய் பூட்டின முகமூடியும் வைச்சிருக்கிற கராஜில குடுங்க. கீழ்வேலையெல்லாம் நீங்க செய்ததுதான் எண்டு ஊருக்கு நானே சொல்றன்.

பச்சை அடிக்கிறதெண்டா இன்னொண்டு. வாகனப் புத்தகத்தில நிறம் எழுதியிருக்கும். மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேணும். நம்பர்த் தகட்டையும் பார்த்தன். அந்த ஸ்ரீயை நீங்க பழங்காலத்து அழகு எண்டு தடவிக் காட்டினீங்க. 1957இல அந்தச் சிங்கள எழுத்து வரக்குள்ள நான் அரைக்காற்சட்டைப் பொடியன். 1958 மார்ச்சில தமிழரசுக் கட்சிக்காரர் அதை அழிச்சுத் தமிழ் ஸ்ரீ எழுதினாங்க. தெற்கில தமிழ்ப் பலகைகளுக்குத் தார் பூசினாங்க. ஏப்ரல் 9ஆந் திகதி, பிரதமரும் தமிழரசுக் கட்சித் தலைவரும் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தமும் போச்சு. மறுமாதம் கலவரம். இந்த நாட்டில பூசின பூச்சுக்களில ஆக விலை கூடினது அந்தத் தார்தான். உங்கட தகட்டை மட்டும் தேய்க்காம விடுங்க, அதில நம்பர் வாசிக்கத் தெரிய வேணும்.

நாளைக்கு வெள்ளெனப் போய் வெல்டிங் பாஸைக் கூட்டி வாங்க. பற்றரி வயரைக் கழட்டி, பெற்றோல் டாங்கையும் இறக்கிப் போட்டு வேலை தொடங்கச் சொல்லுங்க. பெயின்ட் டின்னை மூடி இறுக்கி, அடுப்படிக்குத் தூரமா நிழல்ல வையுங்க. மாசி வரைக்கும் அது தேவைப்படாது.