தலையெழுத்துத் தாத்தா

பசறைப் பக்கம் ஒருவர், மடுல்சீமையில் ஒருவர், நமுனுகுல மலைச்சரிவில் இரண்டு பேர். தலையெழுத்துத் தாத்தா இல்லாத தோட்டம் ஊவாவில் கிடையாது. லயத்துக் கடைசிக் காம்பரா இஸ்தோப்பில் கழுத்தைச் சுற்றி மப்ளர், கையில் சாயத் தண்ணிக் கோப்பை, வாயில் ஒரே பதில். நீங்கள் என்ன செய்தி கொண்டுபோனாலும் சரி.

"அவன் எழுதுனது. என்னத்த செய்ய?"

பொடி மெனிகே கோச்சி ஒன்றரை மணி நேரம் பிந்தினால் அவன் எழுதியது. பதுளைக்குக் கோச்சி வந்தது 1924இல். அது எத்தனை நாள் பிந்த வேண்டும் என்பதையும் அந்த வருசமே எழுதி வைத்துவிட்டான் என்பார். பக்கத்துக் காம்பரா ஆடு மரக்கறிப் பாத்தியை மேய்ந்தால், அதுவும் ஆட்டின் தலையில் எழுதியது. ஊவா மாகாணத்துக்கென்று பிரம்மா தனியாக ஒரு கந்தோர் வைத்திருப்பது போலவும், அதில் இவர் முப்பது வருசம் பியோனாக இருந்து ஓய்வு பெற்றது போலவும் பேசுவார்.

நான் எங்கள் தோட்டத்துத் தாத்தாவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உங்கள் தோட்டத்துத் தாத்தாவை நீங்களே அதில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

இவரைப் பார்க்க வேண்டிய இடம் இஸ்தோப்பு இல்லை, கொழுந்து மடுவம். வேலையை விட்டு வருசக்கணக்கானாலும் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு அங்கே நிற்பார். பாட்டியும் மருமகளும் சாக்கை இறக்குவார்கள். இவர் தராசு முள்ளுக்கு நேர் எதிரே போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று கணக்கப்பிள்ளை குறைக்கத் தொடங்கியதும் தாத்தாவின் குரல் எழும்பும்.

"ஐயா, ரெண்டு நாளா மழையே இல்ல. எந்த ஈரத்தக் கழிக்கிறீங்க? சாக்கத் தனியா நிறுத்துக் காட்டுங்க, பாப்போம்."

தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர். ஒரு மனிதருடைய நாள் பாதியாகிப்போவது அந்த முள்ளின் ஆட்டத்தில்தான். பிறப்பு, இறப்பு, கலியாணம் எல்லாவற்றையும் பிரம்மாவிடம் ஒப்படைத்தவர், அரைக் கிலோ பச்சைக் கொழுந்தை மட்டும் அவனிடம் விடுவதாக இல்லை. ஒருநாள் கேட்டேன்.

"ஏன் தாத்தா, இது மட்டும் எழுதுனது இல்லையா?"

"இத எழுதுறவன் எதுத்தாப்புலதானே நிக்கிறான். அவன்கிட்ட பேசலாமே."

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில்தான் அவருடைய தத்துவம் உச்சத்துக்கு ஏறும். ஆடி, ஆவணியில் அந்த வறண்ட காற்று மலையைச் சுற்றி வீசும். தளிர் சுருங்கும், கூடை நிறையாது, அரைப் பேர் விழும். ஊவாத் தேயிலைக்கு உலகம் கொண்டாடும் அந்த வாசத்தைக் கொடுப்பதும் இதே காற்றுதான். அந்தப் பருவத்துத் தூளுக்குக் கொழும்பு ஏலத்தில் தனி விலை. "காத்து ஒன்னு, எழுத்து ரெண்டு" என்பார் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்து ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம். இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

தன் கட்சிக்குப் பெரிய சாட்சி தேவைப்பட்டால் 1964ஐ எடுப்பார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன மலைநாட்டுச் சனத்தை என்ன செய்வது என்று சிறிமாவோவும் சாஸ்திரியும் டில்லியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டுவிட்டார்கள். பத்து வருசம் கழித்து, 1974இல், சிறிமாவோவும் இந்திராவும் அந்த மிச்சத்தை ரொட்டி பிய்ப்பது போல ஆளுக்கு 75,000 என்று பிய்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியா? நாலு தலை வச்சிருந்தும் பிரம்மாவால அந்தக் கணக்க முடிக்க பத்து வருசம் ஆச்சு."

"அது பிரம்மா இல்ல தாத்தா, பிரதம மந்திரிமார்."

"யார் எழுதுனா என்னடா, எழுதுனது நம்ம தலையிலதானே?"

இதற்கு நான் படித்த சரித்திரப் புத்தகத்தில் பதில் இல்லை.

தாத்தாவின் அண்ணன் அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூரில் டேன்டீ தோட்டத்தில் போய் மறுபடியும் தேயிலைதான் பார்த்தார். தம்பி இங்கே தங்கினார். "அவனுக்கு அங்க, எனக்கு இங்கன்னு எழுதியிருந்துச்சு" என்று தாத்தா சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அடுப்படியில் இருந்து பாட்டியின் குரல் வரும்.

"எழுதியிருந்துச்சாம்ல. அஞ்சாம் நம்பர் லயத்துல நான் இருந்தேன். இந்தியா பாரத்த அடுப்புல போட்டுட்டு வந்து எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டாரு. அதையும் பிரம்மாவா வந்து கேட்டான்?"

தாத்தா சாயத் தண்ணியைக் குடித்து முடிப்பதில் மும்முரமாகிவிடுவார்.

பாட்டிக்குத் தத்துவத்துக்கு நேரம் இருந்ததில்லை. விடியக்காலம் நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பி, பெரட்டுக்கு ஓடி, மலை ஏறி, பின்னேரம் விறகுக் கட்டோடு இறங்குகிறவருக்கு விதி என்று ஒன்று இருந்தால் அது இஸ்தோப்பில் உட்கார்ந்து சாயத் தண்ணி கேட்கும்.

ஒரே ஒரு நாள் தாத்தா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. லயத்துப் பொடியன் ஒருவன் பெரிய மனுசன் மாதிரி "எல்லாம் விதி தாத்தா" என்றான். தாத்தா எரிந்து விழுந்தார். அந்த இடம் ஆபத்து, சனத்தை எழுப்ப வேண்டும் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் சொன்னது, 2011லும் சொன்னது என்பதை யாரோ பேப்பரில் வாசித்துக் காட்டியிருந்தார்கள். "ரெண்டு தரம் கடுதாசி போட்ட விதி எங்கடா இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் இஸ்தோப்பு காலியாக இருந்தது.

அவருடைய ஈ.பி.எப். காசுக் கதையைச் சொல்லாமல் விட்டால் படம் நிறையாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர். தமிழில் வாசித்தால் மூன்றும் ஒன்றுதான். இங்கிலீசில் ஒரு எச் எழுத்து ஓரிடத்தில் இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை. எந்தக் காலத்துக் கிளாக்கரோ அவசரத்தில் விட்ட எச். அது இல்லாமல் நாற்பது வருசக் கவ்வாத்துக்கும் முள்ளுக்குத்துக்கும் சேர்ந்த காசு கைக்கு வராது என்றார்கள்.

அவருக்காகக் கடிதம் எழுதப் போனவன் நான்தான். பதுளைக்கு ஆறு தரம் போனோம். நாலரை மணிக்கு டோர்ச் லைட் அடித்துக்கொண்டு மலை இறங்கி, முதல் பஸ் பிடித்து, கந்தோர் திறக்குமுன் வாசலில் நிற்போம். சத்தியக்கடதாசி, ஜே.பி. ஒப்பம், கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாம் கொடுத்தபின், முதலில் கொடுத்ததன் போட்டோ கொப்பியைக் கேட்டார்கள். ஆறாவது தரம் வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கே அலுத்துவிட்டது.

"விடுங்க தாத்தா. எழுதுனபடிதான் நடக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எழுதுனதுலதானடா பிழை."

ஏழாவது தரம் திருத்திய கடுதாசி வந்தது. தாத்தாவுக்கு இங்கிலீசு தெரியாது. பெருவிரல் நகத்தை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்து நகர்த்தி, "இதுல எச் எதுடா?" என்றார். காட்டினேன். கந்தோர்ப் படியிலேயே நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். ஏணி மாதிரி இருக்கிறது என்றார்.

பொழுதுபட வீட்டுக்கு வந்து, மப்ளரைச் சரிசெய்துகொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து பாட்டியிடம் சொன்னார்:

"வரணும்னு எழுதியிருந்துச்சு, வந்துருச்சு."

பாட்டி ஏழு தரம் போய்வந்த பஸ் காசுக்குக் கணக்குக் கேட்டார்.