பீரோ மேல் பதினைந்து வருஷம்: ஒயின் கேள்வி-பதில்

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. இந்த வாரம் ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வடசென்னை வாசகர்களின் ஒயின் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கே: அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். 2010-இல் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஒயின் பாட்டில் இன்னும் பீரோ மேல் நிற்கிறது. "பழசாக ஆக மதிப்பு" என்று தொடவே விடமாட்டேன் என்கிறார். எப்போதுதான் திறப்பது? (வாசகி, ராயபுரம்)

ப: இன்றைக்கு. பத்து வருஷம் முன்பே திறந்திருந்தால் இன்னும் நல்லது.

ஒயின் முதிர்வதற்கு ஏற்ற வெப்பம் 12 முதல் 15 டிகிரி செல்சியஸ். அதுவும் வருஷம் முழுக்க ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். பீரோ மேல் என்பதோ உங்கள் வீட்டிலேயே சூடான இடம். அறையின் அனல் மேலே ஏறுகிறது, மொட்டை மாடியின் சூடு கீழே இறங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் அப்பாவின் பாட்டில். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதி மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். அப்படியானால் சென்னையில் சீக்கிரம் முதிர்ந்துவிடுமே என்று தோன்றும். ஆகாது. எல்லா மாற்றமும் ஒரே வேகத்தில் முடுக்கப்படுவதில்லை. பழ வாசனை அழிவதும் நிறம் கெடுவதும் முந்திக்கொள்ளும். பதினைந்து வருஷ வெயிலில் அந்த ஒயின் வெந்திருக்கும்.

பாட்டில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தக்கை போட்ட பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். ஒயின் படாத தக்கை காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும்.

ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்பாவையே திறக்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் பாக்கியம். சுமாராக இருந்தால் ஆட்டிறைச்சியை ஊறவைக்க உதவும். எந்தத் துறைமுகத்தில் வாங்கினார், அன்று கப்பலில் என்ன சரக்கு என்ற கதையையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கதை கெட்டிருக்காது.

கே: அப்படியானால் பழைய ஒயின்தான் நல்ல ஒயின் என்பது பொய்யா? (திருவொற்றியூர்)

ப: கொஞ்சம் ஒயினுக்கு மெய், மற்றதற்கெல்லாம் பொய். உலகத்தில் விற்கும் ஒயினில் மிகப் பெரும் பகுதி, செய்த ஓரிரண்டு வருஷத்தில் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. சிவப்பு ஒயினில் வைத்தால் உயர்வது, துவர்ப்பும் புளிப்பும் பழச்சாறும் மூன்றும் கெட்டியாக உள்ள ஒயின் மட்டுமே. பிரான்ஸின் போர்தோ, இத்தாலியின் பரோலோ, போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட் போன்றவை. கடைசியாகச் சொன்னது நல்ல வருஷத்தில் செய்ததானால் இருபது, முப்பது வருஷம்கூடத் தாங்கும். "போர்ட்" என்ற பெயரில் கோவாவிலிருந்து வரும் மலிவான இனிப்பு ஒயினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை வாங்கிய வாரமே முடித்துவிடலாம்.

கே: ஒயின் தயார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகத்தில் படித்தால் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள். (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ராயபுரம்)

ப: வருஷத்தை விடுங்கள், கண்ணையும் மூக்கையும் நாக்கையும் கேளுங்கள்.

முதலில் கண். கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்து, ஒயினின் விளிம்பைப் பாருங்கள். இளம் ஒயின் விளிம்பு வரை நாவல்பழ ஊதாவாக இருக்கும். முதிர முதிர விளிம்பு மாதுளைச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வரும். விளிம்பு மட்டும் செங்கல் நிறம், நடு இன்னும் சிவப்பு என்றால் நல்ல காலம் நடக்கிறது. மொத்தமும் பழுப்பு என்றால் காலம் போய்விட்டது.

அடுத்து மூக்கு. இளம் ஒயினில் புதுப் பழ வாசம் மேலோங்கும். முதிர்ந்ததில் உலர்பழம், தோல், புகையிலை, மழை பெய்த மண் எனப் பல வாசனை ஒன்றன்பின் ஒன்றாக வரும். காடி நெடி அடித்தால் முடிந்த கதை. நனைந்த சாக்கு போல வீசினால் அது வயதின் குற்றமே இல்லை. தக்கையில் வந்த கோளாறு, புது பாட்டிலிலும் வரும்.

கடைசியாக நாக்கு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்தான் துவர்ப்புக்குக் காரணம். வருஷங்கள் போகப் போக டானின் மூலக்கூறுகளும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக அடியில் இறங்கும். கொட்டைப்பாக்கு மென்றதுபோல் ஈறு இழுத்துப் பிடித்தால் இன்னும் நாள் ஆகவில்லை. துவர்ப்பு மெத்தென்று ஆகி, பழச்சுவையும் தங்கியிருந்தால் அதுதான் வேளை. துவர்ப்பும் போய் பழமும் போய் புளிப்பு மட்டும் நின்றால் நேரம் கடந்துவிட்டது. மெய்யாகவே பாதாள அறை வைத்திருப்பவர்கள் ஒரே ஒயினில் ஆறோ பன்னிரண்டோ பாட்டில் வாங்கி, வருஷத்துக்கு ஒன்றைத் திறந்து பார்க்கிறார்கள். இதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

கே: திறக்காமலே தெரிந்துகொள்ள வழி? (எர்ணாவூர்)

ப: கெட்டதைக் கண்டுபிடிக்கலாம், நல்லதைக் கண்டுபிடிக்க முடியாது. தக்கை வாயை விட்டு மேலே தள்ளியிருந்தால் சூட்டில் ஒயின் விரிந்து தள்ளியிருக்கிறது. மூடியுறையைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தால் கசிந்திருக்கிறது. ஒயின் மட்டம் கழுத்தை விட்டுத் தோள்வரை இறங்கியிருந்தால் உள்ளே காற்று புகுந்து நாளாகிவிட்டது. அடியில் வண்டலோ, சர்க்கரைப் பரல் போன்ற துகளோ இருந்தால் பயப்படாதீர்கள். அந்தப் பரல் திராட்சையின் சொந்த அமிலம் படிந்தது, தீங்கில்லை.

கே: ஏ.சி. அறையில் வைக்கலாமா? ஃபிரிட்ஜில்? (தண்டையார்பேட்டை)

ப: இரவில் ஓடி பகலில் அணையும் ஏ.சி., ஏற்ற இறக்கத்தைத்தான் கூட்டும். சாதாரண ஃபிரிட்ஜ் 4 டிகிரி. பல வருஷத்துக்கு அது உலர்ந்த குளிர், தக்கைக்கு ஆகாது. ஆனால் சில மாதங்களுக்கு பீரோவைவிட காய்கறித் தட்டு எவ்வளவோ மேல். குடிக்கும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள்.

கே: நம் முன்னோர் மண்ணில் புதைத்து வைத்தார்களாமே. நானும் புதைத்தால்? (கல்லூரி மாணவர், காலடிப்பேட்டை)

ப: படித்ததற்குச் சபாஷ். புறநானூற்றின் 120-ஆம் பாட்டில் பாரியின் பறம்பு நாட்டு வளத்தைச் சொல்லும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலை, அதாவது தெளிந்த மதுவைப் பேசுகிறார். வெளிநாட்டு ஒயினும் நமக்குப் புதிதில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன.

இப்போது உங்கள் குழிக்கு வருவோம். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் வருஷ சராசரிக்குச் சமமாக நிற்கும். வட பிரான்ஸில் அந்தச் சராசரி 11, 12 டிகிரி; அதனால் அங்கே பாதாள அறை தானாகவே குளிர்கிறது. சென்னையின் சராசரி 28-ஐ ஒட்டியது. எவ்வளவு தோண்டினாலும் அதற்குக் கீழே இறங்காது. ஏற்ற இறக்கம் நிற்கும், சூடு நிற்காது. தவிர, கடலோரத்தில் ஆறடி தோண்டுவதற்குள் தண்ணீர் வந்துவிடும். தேறலைச் சில மாதம் முதிரவைக்க அது போதும். போர்தோவைப் பத்து வருஷம் வைக்கப் போதாது.

கே: வெள்ளைக்காரன் காலத்தில் ஃபிரிட்ஜும் இல்லை, ஏ.சி.யும் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்தவர்கள் எந்த ஒயினைக் குடித்தார்கள்? (ராயபுரம்)

ப: பெரும்பாலும் மதேரா. இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் அட்லாண்டிக்கில் அதே பெயருள்ள போர்ச்சுகீசியத் தீவில் நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. பிராந்தி சேர்த்து வலுவூட்டிய ஒயின் அது. பூமத்திய ரேகையைக் கடந்து, மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் வெந்து குலுங்கி வந்த மதேரா, புறப்பட்டபோது இருந்ததைவிடச் சுவையாக இருப்பதைக் கண்டுகொண்டார்கள். பிறகு அதற்காகவே பீப்பாய்களைக் கடல் சுற்றி வர அனுப்பினார்கள். கிழக்கிந்தியப் பயணம் போய் வந்தது என்றால் விலையே தனி. இன்று மதேராத் தீவில் தொட்டிகளில் 45 முதல் 50 டிகிரி சூட்டில் மூன்று மாதமாவது வைத்து அதே மாற்றத்தைச் செய்கிறார்கள்.

சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். பீப்பாய்களை அலைக்கு மேல் கொண்டுவந்து கரை சேர்த்தது, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அந்தப் படகுக்காரர்கள்தான் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உங்கள் ராயபுரத்தில் ராயப்பர் (புனித பீட்டர்) கோவிலை எழுப்பினார்கள். பீப்பாயில் இருந்ததைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அதைச் சுமந்த கைகளைப் பற்றியும் அதே அளவுக்கு எழுத வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் கேள்விக்குத் திரும்பினால், சென்னை வெயிலுக்கு அஞ்சாத ஒயின் என்று நான் துணிந்து சொல்லக்கூடியது மதேரா. சூட்டில் கெடுவதற்கு அதில் மிச்சம் ஏதுமில்லை.

கே: கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் நிற்கிறோம். உள்ளே ஒயின் இருந்தால் என்ன ஆகும்? (மணலி)

ப: முக்கியமான கேள்வி. வெயிலில் நிற்கும் சாதாரண இரும்பு கன்டெய்னருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டலாம். கடலில் பல வாரம் பத்திரமாக வந்த ஒயின், துறைமுக வாசலில் ஓர் உச்சிவெயிலில் கெட்டுப்போக முடியும். குளிரூட்டிய கன்டெய்னரில் வந்தால், மின் இணைப்பு அறுபடாத வரை கவலையில்லை. ஆகவே வெளிநாட்டு ஒயின் வாங்குகிறவர்கள் லேபிளின் அழகைப் பார்க்குமுன் தக்கையையும் மட்டத்தையும் பாருங்கள். அந்த வரிசையில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் நிற்கும் ஓட்டுநருக்கு என்ன ஆகிறது என்பது ஒயினைவிடப் பெரிய கேள்வி. அதற்குத் துறைமுகமும் அரசும் பதில் சொல்ல வேண்டும்.

கே: பாட்டி கிறிஸ்துமஸுக்கு பன்னீர் திராட்சையை ஜாடியில் போட்டு 21 நாளில் வடித்துவிடுவார். ஒரு வருஷம் விட்டால் இன்னும் நன்றாக வருமா? (ஆங்கிலோ-இந்திய வாசகி, ராயபுரம்)

ப: பாட்டிதான் சரி. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை (2023-இல் புவிசார் குறியீடு பெற்றது) மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. வாசனைதான் அதன் உயிர், அந்த வாசனைதான் முதலில் பறக்கும். தோலில் துவர்ப்பு குறைவு. வருஷக்கணக்கில் தாங்கும் எலும்பு அதற்கு இல்லை. ஜாடியின் வாயில் துணி கட்டி வைத்தால் காற்று போகும், காற்றோடு காடியாக்கும் பாக்டீரியாவும் போகும். நொதித்தல் நின்று, குமிழி அடங்கி, வண்டல் இறங்கி, மேலே தெளிந்துவிட்டால் அது தயார். குமிழி அடங்குமுன் பாட்டிலில் அடைத்து இறுக்கினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் ஒயினும் மதுதான். உரிமம் இல்லாமல் வீட்டில் செய்வது குற்றம். தலைமுறைகளாக வந்த ஒரு பண்டிகை வழக்கத்துக்குச் சட்டம் வழி விட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மாறாத வரை சட்டம் சட்டம்தான். இஞ்சி, காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு, சர்க்கரை போட்டுக் காய்ச்சும் உங்கள் வீட்டு இஞ்சி ஒயினில் நொதித்தலே கிடையாது. ஆறியவுடன் தயார், குழந்தைக்கும் கொடுக்கலாம்.

கே: மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் எண்ணெய்த் தண்ணீர் வந்தது. மூழ்கிய பாட்டிலைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். (எண்ணூர்)

ப: தயவுசெய்து குடிக்காதீர்கள். 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது கச்சா எண்ணெய்க் கழிவு. தக்கை மூச்சு விடும். திருகு மூடியின் மரையில் அழுக்கு தங்கும். என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் போகட்டும்.

கே: குடியால் குடும்பங்கள் அழியும் பகுதி இது. இங்கே ஒயினைப் பற்றி எழுதலாமா? (ஆசிரியை, திருவொற்றியூர்)

ப: உங்கள் கோபம் நியாயமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பாதுகாப்பான குடி அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. குடிக்காதவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். 21 வயது ஆகாதவருக்குச் சட்டமே அனுமதிக்கவில்லை. ஏற்கெனவே வீட்டில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கேட்கிறவருக்குத்தான் எழுதுகிறேன். என்ன குடிக்கிறோம் என்று முகர்ந்து, பார்த்து, ஒரு கோப்பையோடு நிறுத்துகிறவர் குறைவாகக் குடிப்பார் என்று நம்புகிறேன். வீட்டில் குடியால் அவதிப்படும் ஒருவர் இருந்தால், அங்கே அந்த பாட்டிலும் இருக்கக் கூடாது.

கே: டாஸ்மாக் எலைட் கடையில் நாசிக் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கினேன். எத்தனை வருஷம் வைக்கலாம்? (எண்ணூர்)

ப: வைக்காதீர்கள். ஓக் பீப்பாயில் ஊறிய உயர்ரக இந்திய ஒயின்கள் குளிர்ந்த இடத்தில் சில வருஷம் தாங்கும். மற்றவை கடைக்கு வரும்போதே தயார். படுக்கவைக்க இடமும் 15 டிகிரிக் குளிரும் இல்லாத வீட்டில் எந்தச் சிவப்பு ஒயினையும் அடுத்த மே மாதம் வரை விடக் கூடாது. இந்த மார்கழிக்குள் திறந்துவிடுங்கள்.