பிளாஸ்டிக் இல்லாமல் சாம்பார் வாங்கிவருவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது. கடையில் எட்டு இட்லியும் இரண்டு வடையும் பார்சல் வாங்கிவர வேண்டும். 2018 வரை இதற்கு வழிகாட்டி எதுவும் தேவைப்படவில்லை. காசை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். பார்சல் கட்டுபவர் கவரை வாயால் ஒரு ஊது ஊதிப் பிரிப்பார். இரண்டு கரண்டி சாம்பாரை விட்டு, கழுத்தைத் திருகி, நூலை நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போடுவார். பலூன் மாதிரி விம்மி நிற்கும். அதற்குள் அவருடைய மூச்சும் கொஞ்சம் அடைபட்டிருக்கிறது என்பதை நாம் யாரும் பெரிதுபடுத்தியதில்லை.

2018 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் தினத்தில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. மொத்தம் 14 வகை. தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், கொடி, எந்தத் தடிமனாக இருந்தாலும் கைப்பை, எல்லாம் அதில் உண்டு. உணவைக் கட்டித் தரும் பிளாஸ்டிக் தாளும் உண்டு. அன்றிலிருந்து சாம்பார் வாங்குவது பழகவேண்டிய ஒரு கலையாகிவிட்டது. இன்னும் கைவராதவர்களுக்காக இந்தக் குறிப்பு.

தேவையான பொருட்கள்

தூக்குவாளி 1 (மூடி இறுக்கமாக இருப்பது உத்தமம், ஆனால் அப்படி ஒன்று எந்த வீட்டிலும் இருப்பதில்லை). சட்னிக்குச் சின்ன எவர்சில்வர் டப்பா 2. இட்லிக்கு அகலமான டப்பா 1. மஞ்சப்பை 1. பொறுமை, தேவையான அளவு.

செய்முறை

முதலில் பையை மறந்துவிட்டுக் கிளம்புங்கள். தெருமுனையில் நினைவு வரும். திரும்பி வாருங்கள். இதுவும் செய்முறையில் சேர்ந்ததுதான், விட்டுவிட வேண்டாம்.

கடையில் தூக்கை நீட்டியதும் பார்சல் கட்டுபவர் உங்களைப் பார்க்கும் பார்வை, கோயிலில் செருப்போடு நுழைந்தவரைப் பார்க்கும் பார்வையாக இருக்கும். “சார், பாத்திரத்துல ஊத்தினா அளவு தெரியாது. கவர்லயே கட்டித் தர்றேன், ஒண்ணும் ஆகாது” என்பார், மேசைக்கடியிலிருந்து ஒரு கவரை உருவியபடி. அசராதீர்கள். இங்கேதான் தொழில் ரகசியம் இருக்கிறது. சின்னத் தூக்கைக் கொண்டுபோனால் வழக்கமான இரண்டு கரண்டியோடு நிறுத்திவிடுவார்கள். பெரிய தூக்காகக் கொண்டுபோங்கள். இரண்டு கரண்டி சாம்பார் அதன் அடியில் கிடப்பதைப் பார்த்தால் ஊற்றியவருக்கே பாவமாக இருக்கும், மூன்றாவது கரண்டி தானாக விழும். சுற்றுச்சூழலைக் காப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே நேரடி லாபம் இது.

சில கடைகளில் வெள்ளிபோல் மினுங்கும் கவர் ஒன்றில் ஊற்றித் தருவார்கள். ‘இது பிளாஸ்டிக் இல்ல சார், ஃபாயில்’ என்று உறுதியும் தருவார்கள். வீட்டுக்குப் போய்க் கிழித்துப் பாருங்கள். உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். முன்பு இருந்தது வெறும் பிளாஸ்டிக், இப்போது அலுமினியம் போர்த்திய பிளாஸ்டிக். இரண்டையும் பிரித்தெடுக்க முடியாததால் பழைய சாமான் கடைக்காரர்கூட இதைக் கையில் வாங்கமாட்டார்.

தூக்கை ஸ்கூட்டரின் முன்கொக்கியில் மாட்டுங்கள். வேகத்தடையில் நிதானமாக ஏறி இறங்குங்கள். நான் ஒருமுறை நிதானம் தவறியதில் வீட்டுக்கு வந்தது தொட்டுக்கொள்ள மட்டும் போதுமான சாம்பார், மீதி என் பேன்ட்டில் இருந்தது. அதைத் துவைக்கச் செலவான தண்ணீரையும் சோப்பையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. சூழல் விதிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

மஞ்சப்பையைப் பராமரித்தல்

2021 டிசம்பர் 23 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 2022இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் எந்திரமும் வந்தது. ஊரிலிருந்து பட்டணம் வந்து இறங்கியவனைக் கேலி செய்ய சினிமா வைத்திருந்த அடையாளம், அரசாங்க கௌரவம் பெற்றது. சந்தோஷமான விஷயம்தான்.

ஆனால் பையை வாங்குவது வேறு, பயன்படுத்துவது வேறு. எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருக்கிறது. போன மாதம் அதில் தொங்கும் பைகளின் கனம் தாங்காமல் கதவைச் சாத்த முடியவில்லை. எண்ணிப் பார்த்தேன்: 43 பைகள். ஜவுளிக்கடை கொடுத்தது, பள்ளி ஆண்டுவிழாவில் கொடுத்தது, மாநாட்டில் கொடுத்தது, மிச்சமெல்லாம் கல்யாணத் தாம்பூலப் பைகள். ஒன்றில் மணமக்கள் பெயர் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று இருக்கிறது. அவர்கள் பிரிந்து மூன்று வருடமாகிறது. பைக்கு ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

இப்போது கணக்கு. டென்மார்க்கின் சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு பருத்திப் பை, சாதாரண பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு ஈடாக வேண்டுமானால், பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 முறை பயன்பட வேண்டும். தண்ணீர், ஓசோன் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி என்றால் இன்னும் மோசம், 20,000 முறை. விளைச்சல் குறைவு, அதனால் நிலமும் நீரும் அதிகம். தினம் ஒருமுறை கடைக்குப் போனால் 7,100 என்பது பத்தொன்பதரை வருடம். என் ஆணியில் தொங்கும் 43 பைகளுக்கும் நான் நியாயம் செய்ய 836 வருடம் உயிரோடு இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் காட்டி ‘பாத்தியா, பிளாஸ்டிக்கே மேல்’ என்று வாட்ஸ்அப்பில் குதிப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த ஆய்வு தெருவில் பறக்கும் பையைக் கணக்கில் எடுக்கவில்லை. டென்மார்க்கில் பை, வீட்டுக் குப்பையோடு எரியுலைக்குப் போய் மின்சாரமாகிவிடும். நம் பை மழைநீர் வடிகாலுக்குள் போகும், பெருங்குடி குப்பைமேட்டுக்குப் போகும், மாட்டின் வயிற்றுக்குள் போகும். அவர்கள் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. அதே நேரம் பருத்தியும் வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாக சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சாயத்தண்ணீர் என்ன செய்யும் என்பதை நொய்யல் கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான். மஞ்சப்பையின் மஞ்சளும் ஒரு சாயம்தான்.

ஆகவே பராமரிப்பு முறை: 44ஆவது பையை வாங்காதீர்கள். தாம்பூலத்தோடு நீட்டினால் தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுக்கும் துணிச்சலை வளர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

துணி மாதிரி தெரியும் எல்லாம் துணியல்ல என்பதும் நினைவிருக்கட்டும். கடைகளில் வண்ண வண்ணமாகத் தரும் நெய்யாத பைகள் பாலிபுரோப்பிலீன். ஓரத்தில் தீக்குச்சி வைத்தால் சாம்பலாகாமல் உருகிச் சொட்டும். இவையும் அந்த 14இல் உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கான தடை சரி என்றது. நெய்யாத பை விஷயத்தை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

குப்பைக்கு என்ன செய்வது?

இது யாரும் முன்கூட்டி யோசிக்காத அத்தியாயம். காய்கறிக் கடையில் ஓசியில் வந்த கவர் வீட்டில் சும்மா கிடக்கவில்லை. காய்த்தோலும் மீன் செதிலும் அதில்தான் போய்க்கொண்டிருந்தன. ஓசிக் கவர் நின்றதும் நாம் கடைக்குப் போய், ரோலாகச் சுருட்டிய கறுப்புக் குப்பைப் பையைக் காசு கொடுத்து வாங்கினோம். அது இன்னும் தடிமனான பிளாஸ்டிக். கலிஃபோர்னியாவில் பை தடை வந்த ஊர்களை ரெபெக்கா டெய்லர் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2019இல் எழுதினார்: அங்கே சின்னக் குப்பைப் பைகளின் விற்பனை 120 சதவீதம் கூடியது. குறைந்த பிளாஸ்டிக்கில் கால்பங்குக்கு மேல் இந்த வழியாகத் திரும்பி வந்துவிட்டது. கிட்டத்தட்ட முக்கால்பங்கு மிச்சம்தானே என்றும் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது ஈரக் குப்பைக்குப் பையே இல்லை, மூடி போட்ட பழைய பெயின்ட் வாளி. தினம் கழுவ வேண்டும். கழுவுவது யார் என்பதுதான் தினசரிப் பஞ்சாயத்து.

டீ, ஜூஸ் முதலியன

டீயைக் கண்ணாடி கிளாஸில் நின்று குடியுங்கள். காகிதக் கப்பில் சூடான டீ கால்மணி நேரம் இருந்தால் 100 மில்லிக்குச் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் இறங்குகிறது என்று கரக்பூர் ஐஐடி ஆய்வு சொல்கிறது. ஜூஸுக்குக் காகித ஸ்ட்ரா நல்லதா என்று கேட்காதீர்கள், பாதி ஜூஸிலேயே அது கூழாகிவிடும். வாய் இருக்கிறது.

விதி யாருக்கு?

எங்கள் தெருவுக்குக் கீரைவண்டி தள்ளிவரும் அம்மாவின் சாக்குக்கு அடியில் இன்னும் நாலு கவர் இருக்கும். “பை கொண்டாந்தியா சாமி?” என்று முதலில் கேட்பார். இல்லை என்றால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒன்றை உருவுவார். பிடிபட்டால் அபராதம் அவருக்கு. அவர் கவர் கொடுக்காவிட்டால் நான் அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன் என்பது அவர் பயம். அது பொய்யான பயமும் அல்ல. அந்தக் கவரைத் தயாரித்தவரை அவர் பார்த்ததுகூடக் கிடையாது.

அவர் வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரே பெட்டிக்கடை. அங்கே ஷாம்பு பாக்கெட் சரம்சரமாக, கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி தொங்குகிறது. இந்தச் சின்னப் பாக்கெட்டை நாட்டுக்குப் பழக்கியவர்களில் முன்னோடி நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். தினக்கூலிக்காரரும் ஷாம்பு போட முடிந்தது அதனால்தான், அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பல அடுக்குகள் ஒட்டிய அந்தப் பாக்கெட்டை மறுசுழற்சி செய்வது கிட்டத்தட்ட ஆகாத காரியம். கீரைக்கட்டைச் சுற்றிய கவர் குற்றம், ஷாம்பைச் சுற்றிய கவர் வியாபாரம். தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீரையம்மாவிடம் தொடங்கிய தடை, தொழிற்சாலை வாசலுக்குப் போவதற்குள் இத்தனை மூச்சு வாங்குவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

பால் கவருக்கு 2019 தடையிலேயே விலக்கு உண்டு. தயிர், எண்ணெய், மருந்துக்கும் அப்படியே. பால் கவர் தடிமனானது. கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் காலையில் கத்தரியால் முனையை வெட்டும்போது விழும் அந்த முக்கோணத் துணுக்கு, நகக்கண் அளவு, யார் கைக்கும் சிக்காமல் சாக்கடைக்குப் போய்விடுகிறது. நாளைக் காலை முனையை முழுதாக வெட்டாதீர்கள். ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். பால் ஒழுங்காகவே ஊற்றும், நான் பார்த்துவிட்டேன்.