கபாலி சரணடைந்த கதை

மலேசியாவில் காப்பாரிலிருந்து கிள்ளானுக்குப் படம் பார்க்கப் போவதையே க்ஷேத்திராடனமாகக் கருதும் என் நண்பர், தம் மனைவியின் பிறந்த நாளை மறந்தாலும் மறப்பாரேயன்றி, அடுத்த தீபாவளிக்கு எந்த நடிகையின் படம் வெளிவருகிறது என்பதைப் பஞ்சாங்கம் புரட்டாமலே சொல்லக்கூடிய ஞானஸ்தர். 2016 ஜூலை 22-இல் ‘கபாலி’ திரைப்படம் வெளியானபோது, மகனுடைய கல்யாணக் கோட்டை இரவல் வாங்கித் தரித்துக்கொண்டு, அக்குளில் வியர்வை பெருக, அவர் கொட்டகைக்கு எழுந்தருளினார்.

நாயகி ராதிகா ஆப்தே தோன்றிய இடங்களிலெல்லாம் கண் கலங்கியவர், முடிவில்தான் திகைத்தார். தமிழ்நாட்டு ரசிகர்களின் ஊகத்துக்கு ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு விடப்பட்ட அந்த முடிவு, மலேசியப் பிரதியில், கபாலி போலீஸில் சரணடைந்துவிட்டான் என்ற ஒற்றை வாசகத்தால் சுபமாகப் பூர்த்தி செய்யப்பட்டிருந்தது. இரண்டரை மணி நேரம் சட்டத்தைத் துச்சமாக மதித்தவனை ஒரே வரியில் உத்தமனாக்கிய சாமர்த்தியத்தை வழிநெடுக மெச்சிக்கொண்டே வந்த நண்பர், அந்தப் பரவசத்தில் சிவப்பு விளக்கைக் கவனியாமல் மோட்டார் சைக்கிளைச் செலுத்திச் சம்மன் வாங்கினார்.

சினிமா சமூகத்தைக் கெடுக்கிறது என்போரும், திருத்துகிறது என்போரும், இவரை ஒருமுறை தரிசித்துவிட்டுப் பேசுவது நலம்.